அனுப்பியது புதுச் சட்டை, திரும்பி வந்தது பழைய சட்டை: ஆன்லைன் ரிட்டர்ன் மோசடியில் நஷ்டம் யாருக்கு?

திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த விலைக்கு வாங்கிய ஒரு புது டி-ஷர்ட், ஆன்லைன் ஆர்டரில் வேறொரு மாநிலத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து ‘ரிட்டர்ன்’ என்று ஒரு பாக்கெட் வந்து சேர்கிறது. பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது கழுத்துப்பட்டி நைந்துபோன வேறு ஏதோ ஒரு சட்டை. கஸ்டமருக்கு முழுப் பணமும் ஏற்கெனவே போய்விட்டது. விற்றவருக்குச் சட்டையும் இல்லை, காசும் இல்லை. போதாக்குறைக்கு ரிட்டர்ன் கூரியர் செலவு வேறு.

இளம்பிள்ளை சேலை, கரூர் பெட்ஷீட், மொபைல் கவர், ஹெட்போன், மிக்ஸி ஜார் என்று எதை விற்றாலும் ஆன்லைன் செல்லர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. முழுநேர வியாபாரிகள் மட்டும் மாட்டுவதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே சைடு பிசினஸாக விற்பவர்கள், வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள் என்று சின்ன முதலீட்டுக்காரர்கள்தான் இதில் அதிகம் நொந்துபோகிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலேயே, தங்கள் மாநிலத்துக்குள் மட்டும், ஆன்லைன் தளங்களில் பொருள் விற்க வழி இருக்கிறது. புதிதாக உள்ளே வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ரிட்டர்ன் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான்.

எல்லா ரிட்டர்னும் ஒன்றல்ல

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஆர்.டி.ஓ. என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஆன்லைன் செல்லர்களுக்கு அது ‘ரிட்டர்ன் டு ஒரிஜின்’. கஸ்டமர் கைக்கே போகாமல் திரும்பும் பாக்கெட். கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டுவிட்டு, டெலிவரி நேரத்தில் போனை எடுக்காமல் விடுவது, ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புவது எல்லாம் இந்தக் கணக்கு. எரிச்சல்தான், ஆனால் மோசடி என்று சொல்லிவிட முடியாது. பாக்கெட் பிரிக்கப்படாமல் வந்தால் பொருளை மறுபடி விற்கலாம்.

இரண்டாவது வகை ‘கஸ்டமர் ரிட்டர்ன்’. பொருளை வாங்கி, பிரித்து, பிறகு திருப்பி அனுப்புவது. சைஸ் சரியில்லை, கலர் பிடிக்கவில்லை என்று நேர்மையாகத் திருப்புபவர்கள்தான் இதில் பெரும்பாலோர். அவர்களுக்கு நடுவில்தான் மோசடியும் ஒளிந்துகொள்கிறது. அது பொதுவாக நான்கு ரூபங்களில் வருகிறது.

• மாற்றி வைப்பது: புதுப் பொருளை எடுத்துக்கொண்டு, அதே போன்ற பழையதை வைத்து அனுப்புவது. துணி, ஷூ, சார்ஜர் போன்றவற்றில் சகஜம்.

• உடுத்திவிட்டுத் திருப்புவது: சேலையை ஒரு கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு, மடித்து அனுப்புவது. சென்ட் வாசனையும் மடிப்புக் கலைந்த ஃபாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வாசனைக்கு போட்டோ ஆதாரம் கிடையாது.

• பாதியை எடுத்துக்கொள்வது: மூன்று பீஸ் காம்போவில் இரண்டு மட்டும் திரும்பி வரும். பொருள் இருக்கும், உதிரி பாகம் இருக்காது.

• ‘காலிப் பெட்டி வந்தது’, ‘வந்து சேரவே இல்லை’ என்பது: பொருள் கையில் இருக்கும்போதே ரீஃபண்ட் கேட்பது. விலை உயர்ந்த பொருட்களில் அதிகம்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே திரும்பி வரும் ஒவ்வொரு 100 டாலர் சரக்கிலும் 13.70 டாலர் மோசடி ரிட்டர்னால் போகிறது. கமிஷன் வாங்கிக்கொண்டு, ‘உங்கள் பெயரில் ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்’ என்று டெலிகிராமில் ஆள் பிடித்த ஒரு கும்பல் மீது, அமேசான் நிறுவனம் 2023 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கே போட்டது.

ஒரு சட்டைக் கணக்கு

‘ஒண்ணு ரெண்டு போனா என்ன, வியாபாரம்னா அப்படித்தான்’ என்று தோன்றலாம். ஒரு உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கட்டணங்கள் தளத்துக்குத் தளம் மாறும், வரியை இங்கே சேர்க்கவில்லை.

டி-ஷர்ட் விற்கும் விலை 400 ரூபாய். கொள்முதல் 220, பேக்கிங் 10, தளத்தின் கமிஷனும் அனுப்பும் செலவும் சேர்த்து 80. மிச்சம் 90 ரூபாய் லாபம்.

சட்டை நல்ல நிலையில் திரும்பி வந்தால், பேக்கிங் 10, ரிட்டர்ன் கூரியர் 90 என்று 100 ரூபாய் நஷ்டம். மாற்றிவைத்த பழைய சட்டை வந்தால், கொள்முதல் 220-ம் சேர்ந்து 320 ரூபாய் நஷ்டம். அதாவது, ஒரு மோசடி ரிட்டர்னை ஈடுகட்ட இன்னும் நான்கு சட்டை விற்க வேண்டும்.

இப்போது 100 ஆர்டர் எடுத்துக்கொள்வோம். 82 விற்றுப் போகிறது, 15 நல்லபடியாகத் திரும்புகிறது, 3 மட்டும் மோசடி. விற்ற 82-ல் லாபம் 7,380 ரூபாய். நேர்மையான ரிட்டர்னுக்குப் போவது 1,500. மிச்சம் 5,880. அந்த 3 மோசடி ரிட்டர்ன் தின்பது 960 ரூபாய், கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. இதைச் சமாளிக்க செல்லர் விலையை ஏற்றினால், ஒவ்வொரு சட்டை மீதும் சுமார் 12 ரூபாய் ஏறும். அதைக் கட்டப்போவது ஒழுங்காகப் பணம் கொடுத்து வாங்கும் மற்ற 82 பேர்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தன. பொருள் பழுதாக இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், சொன்ன தேதிக்குள் வராவிட்டால் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைக் கொடுக்கவோ செல்லர் மறுக்கக் கூடாது. கஸ்டமரின் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமரை ஏமாற்றும் செல்லர்களும் நிறைய இருப்பதால் இந்த விதிகள் அவசியம்தான்.

ஆனால், ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று திருப்பும் உரிமை இந்த விதிகளில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் திருப்பலாம், அது அங்கே சட்டம். அதே சட்டம், பொருளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையான அளவைத் தாண்டிப் பயன்படுத்தியிருந்தால் மதிப்புக் குறைவுக்கு வாங்கியவரே பொறுப்பு என்றும் சொல்கிறது. நம் ஊரில் ‘7 நாள் ஈஸி ரிட்டர்ன்’ என்று பார்ப்பதெல்லாம் தளங்கள் கஸ்டமரைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் சலுகை. சலுகையைக் கொடுப்பது தளம், செலவில் பெரும்பகுதியைச் சுமப்பது பல நேரங்களில் செல்லர்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. காப்புரிமை, டிரேட்மார்க் மீறலுக்காக நீக்கப்பட்ட பொருளைத் திரும்பத் திரும்ப விற்கும் செல்லர்களை அடையாளம் காணப் பதிவேடு வைக்கத் தளங்கள் முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அந்த 2020 விதி. திரும்பத் திரும்ப மோசடி ரிட்டர்ன் செய்யும் கஸ்டமருக்கு அப்படியொரு பதிவேடு அதில் கேட்கப்படவில்லை.

சரி, செல்லர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? அதுவும் கஷ்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக ஒரு சேவையைப் பெறுபவர் ‘நுகர்வோர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் கஸ்டமருக்கு இருக்கிறது. செல்லருக்கு இருப்பது தளத்தின் சப்போர்ட் டிக்கெட்.

எல்லாம் ஒரு ‘கிளிக்’கில் இருக்கிறது

ரிட்டர்ன் போடும்போது ஆப்பில் ‘காரணம் என்ன?’ என்று ஒரு பட்டியல் வரும். ‘சைஸ் சேரவில்லை’, ‘மனம் மாறிவிட்டது’, ‘பழுதாக உள்ளது’, ‘வேறு பொருள் வந்துவிட்டது’. கஸ்டமருக்கு அது ஒரு சாதாரண கிளிக். செல்லருக்கு, யார் செலவைச் சுமப்பது, கடையின் ரேட்டிங் என்ன ஆகும் என்பது பல நேரம் அந்தக் கிளிக்கைப் பொறுத்தது.

மீஷோ போன்ற தளத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை காட்டுவதைப் பார்க்கலாம். எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, பழுதோ தவறான பொருளோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் கொஞ்சம் குறைந்த விலை. யோசனை நல்லதுதான். ரிட்டர்ன் வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது என்று கஸ்டமருக்கு அது புரியவைக்கிறது. ஆனால், குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு சைஸ் சேராமல் போனால், ‘பழுது’ என்று ஒரு பொய் சொன்னால் போதும் என்ற சபலமும் அங்கேயே பிறக்கிறது. பெரிய திருட்டு எண்ணம் இல்லாதவர்கள்கூட இந்தச் சின்னப் பொய்யைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். மறுமுனையில் இருப்பது பெரிய கம்பெனி என்று நினைப்பதுதான் காரணம். பல நேரங்களில் மறுமுனையில் இருப்பது ஒரு குடும்பம்.

கஸ்டமர்தான் குற்றவாளியா?

அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. ஒரு ரிட்டர்ன் பாக்கெட், கஸ்டமர் வீட்டிலிருந்து பிக்கப் செய்பவர், உள்ளூர் ஹப், சார்ட்டிங் சென்டர், மறுபடி ஹப் என்று பல கைகள் மாறித்தான் செல்லரிடம் வருகிறது. நடுவில் லேபிள் மாறலாம், பொருளும் மாறலாம். பேக்கிங் மேஜையில் செல்லர் தரப்பே எம் சைஸுக்கு பதில் எல் சைஸை வைத்திருக்கலாம். போட்டோவில் மெரூனாகத் தெரிவது நேரில் பிரவுனாக இருந்தால், அந்த ரிட்டர்னுக்குக் கஸ்டமரைக் குறை சொல்ல முடியாது.

பிக்கப் ஊழியர் வீட்டு வாசலிலேயே பொருளைச் சரிபார்க்க வேண்டும் என்பது பல தளங்களின் நடைமுறை. ஒரு நாளைக்கு டஜன் கணக்கில் பாக்கெட் எடுக்கும் ஒருவர் கலர், டேக், எண்ணிக்கை மூன்றையும் பார்ப்பதே பெரிய விஷயம். அவர் ‘ஓகே’ போட்டதும் ரீஃபண்ட் கிளம்பிவிடுகிறது. செல்லர் பாக்கெட்டைப் பார்ப்பது அதற்குப் பல நாள் கழித்து. அதனால்தான் ‘நான் அனுப்பியது இது இல்லை’ என்று நிரூபிக்கும் வேலை முழுக்க செல்லர் தலையில் விழுகிறது.

செல்லர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அனுபவப்பட்டவர்கள் செய்வதில் உண்மையிலேயே பலன் தருபவை இவை:

1. பேக்கிங் வீடியோ: பேக்கிங் மேஜைக்கு மேலே போனை ஸ்டாண்டில் மாட்டி, நிறுத்தாமல் ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும். பொருளின் இருபுறம், சைஸ் லேபிள், சீரியல் எண் அல்லது ஐஎம்இஐ எண், எடை மெஷினில் தெரியும் எடை, ஒட்டிய கூரியர் லேபிளின் எண் எல்லாம் அதில் தெரிய வேண்டும். வெட்டி ஒட்டிய வீடியோவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

2. ரிட்டர்னைப் பிரிக்கும் வீடியோ: இதுதான் அதைவிட முக்கியம். சீல் பிரிக்கும் முன்பே பாக்கெட்டின் எல்லாப் பக்கங்களையும், ரிட்டர்ன் லேபிள் எண்ணையும் காட்டிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். பிரித்துப் பார்த்து அதிர்ச்சியான பிறகு எடுக்கும் வீடியோவுக்கு மதிப்பில்லை.

3. கூரியர் ஆள் இருக்கும்போதே பார்ப்பது: பாக்கெட் கிழிந்திருந்தால், வேறு டேப் ஒட்டியிருந்தால், எடை வித்தியாசமாக இருந்தால் டெலிவரி ரசீதிலேயே அதை எழுதிவிட வேண்டும். ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டால், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

4. கண்ணில் படும் இடத்தில் சீல் டேக்: ‘இந்த டேக் அறுந்திருந்தால் ரிட்டர்ன் இல்லை’ என்று எழுதிய டேக்கை, சட்டையின் முன்பக்கமோ சேலையின் வெளி மடிப்பிலோ மாட்டுவது. போட்டுப் பார்க்கலாம், ஆனால் விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது. தளத்தின் விதி இதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. கிளெய்ம் போடும் தேதியைத் தவறவிடாமல் இருப்பது: அமேசானில் ‘சேஃப்-டி கிளெய்ம்’, ஃப்ளிப்கார்ட்டில் ‘எஸ்.பி.எஃப்.’ என்று ஒவ்வொரு தளத்திலும் நஷ்டஈடு கேட்கும் வழி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கெடு உண்டு, அது அவ்வப்போது மாறும். ரிட்டர்ன் வந்த அன்றே பிரித்து, அன்றே கிளெய்ம் போடுபவர்கள் கெடு தாண்டிப்போய்த் தோற்பதில்லை.

6. கிளெய்மைச் சுருக்கமாக எழுதுவது: கோபத்தைக் கொட்டினால் வேலைக்காகாது. ஆர்டர் எண், அனுப்பிய லேபிள் எண், திரும்பிய லேபிள் எண், அனுப்பியது என்ன, வந்தது என்ன, வீடியோவில் எந்த நிமிடத்தில் தெரிகிறது. ஐந்தாறு வரி போதும். நிராகரித்தால், அதே ஆதாரத்துடன் ஒருமுறை மேல்முறையீடு செய்து பார்க்கலாம்.

7. ரிட்டர்ன் நோட்டு: எந்தப் பொருள், எந்த சைஸ், என்ன காரணம், எந்த பின்கோடு என்று ஒரு எக்செல் ஷீட். ஒரே டிசைன் ‘சைஸ் சேரவில்லை’ என்று திரும்பத் திரும்ப வந்தால், கோளாறு சைஸ் சார்ட்டில் இருக்கிறது. அதைச் சரிசெய்தாலே நேர்மையான ரிட்டர்ன் குறையும். மிச்சம் இருக்கும் மோசடியும் தனியாகக் கண்ணில் படும்.

போலீஸுக்குப் போகலாமா?

ஏமாற்றி ஒரு பொருளை ஒப்படைக்கவைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின் கீழ் மோசடி. இதற்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாங்கியவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் புகார் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. ஆன்லைனில் அனுப்பும் புகாரில் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நடைமுறையில் 400 ரூபாய் சட்டைக்கு யாரும் ஸ்டேஷன் படி ஏறமாட்டார்கள். மோசடி செய்பவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான். போன், கேமரா, பட்டுச்சேலை போன்ற விலை உயர்ந்த பொருள் என்றால், அல்லது ஒரே நபர் பலமுறை செய்திருந்தால் போவதில் அர்த்தம் உண்டு. அப்போதும், மாற்றிவைத்தது கூரியர் வழியில் யாரும் அல்ல, வாங்கியவர்தான் என்று காட்ட வேண்டியிருக்கும்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடக் கூடாது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதற்கு ஒரிஜினல் ஃபைலே கையில் இருப்பது நல்லது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ‘இந்த ஆளுக்கு யாரும் விக்காதீங்க’ என்று கஸ்டமரின் பெயர், முகவரி, போன் நம்பரை ஃபேஸ்புக்கிலும் செல்லர் குரூப்களிலும் போடுவது. டெலிவரிக்காகக் கிடைத்த விவரத்தை அப்படிப் பரப்பினால் தளம் கணக்கை முடக்கலாம். அவதூறு வழக்கும் வரலாம். தப்பு நடந்தது கூரியர் வழியில் என்றால், அவமானப்படுவது ஒரு நிரபராதி.

வரிக் கணக்கை மறக்கக் கூடாது

ரிட்டர்ன் வந்தால் ஜிஎஸ்டி பதிவு உள்ள செல்லர் ‘கிரெடிட் நோட்’ போட்டு, ஏற்கெனவே காட்டிய வரியைக் குறைத்துக்கொள்ளலாம். நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரைதான் அதற்கு அவகாசம், ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதி வரை. தளங்கள் பிடித்துவைக்கும் டி.சி.எஸ். 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். அது ரிட்டர்னைக் கழித்த தொகைக்குத்தான். தளத்தின் அறிக்கையோடு ஒத்துப்பார்க்காவிட்டால், விற்காத சட்டைக்கும் வரி கட்டியதாக ஆகிவிடும்.

மோசடியில் இன்னொரு அடியும் இருக்கிறது. தொலைந்துபோன, திருடுபோன, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவைப் பெற முடியாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு. மாற்றிவைக்கப்பட்ட பொருளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

யார் மாற வேண்டும்?

வீடியோ, சீல், எக்செல் எல்லாம் செல்லர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள்தான். பிரச்சினையின் வேர், பொருளை நேரில் பார்க்காத தளம், பார்த்த இருவரில் ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டு உடனே பணத்தைக் கொடுத்துவிடுவதில் இருக்கிறது. மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. ஃப்ளிப்கார்ட்டில் இருக்கும் ‘ஓபன் பாக்ஸ் டெலிவரி’யில், டெலிவரி ஊழியர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் கஸ்டமர் ஓ.டி.பி. சொல்கிறார். ‘காலிப் பெட்டி வந்தது’ என்ற சண்டைக்கே அங்கு இடமில்லை. கஸ்டமருக்கும் அது பாதுகாப்பு. ரிட்டர்ன் பிக்கப்பிலும் அதேபோல் போட்டோ எடுத்து, அதை செல்லர் பார்க்கும்படி செய்தால் பாதித் தகராறு குறையும். செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவு இப்போதும் இருக்கத்தான் செய்கிறது, செல்லரின் நஷ்டமாக.

நேர்மையாக வாங்குபவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. விலை கூடிய பொருள் வந்தால் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் கொடுக்கும்போது, பிக்கப் ஊழியர் முன்னால் பொருளையும் டேக்கையும் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். வழியில் யாராவது மாற்றினால், பழி உங்கள் மேல் விழாது. சைஸ் சேரவில்லை என்றால் ‘சைஸ் சேரவில்லை’ என்பதையே அழுத்துங்கள்.